மங்சீர் பத்தா, பதினொன்றா

ரோஜினா டங்கோல் கட்டிய இணையதளத்தைப் பார்த்தவர்களுக்குக் கேட்பதற்கு ஒரு கேள்வியும் மிஞ்சாது. அதுதான் அவளுடைய பெருமை. காத்மாண்டுவில் முதன்முதலாக நடக்கப்போகும் உலக நிரலாளர் மாநாட்டுக்கு நைரோபியிலிருந்து வருகிறவரும் சரி, ஒசாகாவிலிருந்து வருகிறவரும் சரி, அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும். விசா எங்கே வாங்குவது, குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா, டாக்சிக்காரன் மீட்டர் போடாவிட்டால் என்ன செய்வது, காத்மாண்டு உயரத்தில் மூச்சு வாங்குமா, எல்லாவற்றுக்கும் பதில் அங்கேயே இருந்தது. அரபியில் படிக்கிறவர் வந்தால் பக்கம் முழுக்க வலமிருந்து இடமாகத் திரும்பிக்கொள்ளும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவரிடம் குடும்பப் பெயர் எங்கே என்று அதட்டாது. மெதுவான இணைப்பில் திறந்தாலும் படங்கள் சண்டித்தனம் செய்யாது.

"உலகத்துல ஒருத்தனும் நமக்கு மெயில் போட்டு சந்தேகம் கேக்கக் கூடாது. கேட்டான்னா உன் டிசைன் தோத்துப்போச்சுன்னு அர்த்தம்" என்று மாநாட்டை நடத்துகிற நிராஜன் கிமிரே முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு போலந்துக்காரர் மட்டும், மண்டபத்து ஜன்னலிலிருந்து எவரெஸ்ட் தெரியுமா என்று கேட்டு எழுதினார்.

"என்ன பதில் போட அண்ணா?"

"தூசி அடங்கினா யோசிக்கலாம்னு போடு."

கிமிரே அண்ணாவின் சின்ன மென்பொருள் அலுவலகம் குபண்டோலில் இருந்தது. ரோஜினாவுக்கு வேலையும் அங்கேதான். இந்த மாநாடு அவருடைய பல வருஷத்துக் கனவு. வெளிநாட்டு மாநாடுகளுக்குச் சொந்தச் செலவில் போய், கடைசி வரிசையில் உட்கார்ந்து, நம் ஊருக்கு இவர்களை ஒருமுறை வரவழைத்துக் காட்ட வேண்டும் என்று நினைத்து நினைத்தே முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. மனிதர் தங்கம். ஆனால் வேலையில் பொல்லாதவர். அலுவலகத்தில் யார் எழுதிய நிரலையும் இரண்டு தடவை வரி வரியாகப் பார்க்காமல் வெளியே விடமாட்டார். பையன்கள் அவருக்கு வைத்த பெயர் கஸ்டம்ஸ் ஆபீஸர்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கும் ரோஜினாவுக்கும் ஆரம்பத்தில் முட்டிக்கொண்டது. தேதி.

நேபாளத்தில் சம்பளம், பரீட்சை, கல்யாணம் எல்லாம் விக்ரம நாட்காட்டிப்படிதான். ஆங்கிலத் தேதி பாஸ்போர்ட்டோடு வந்து பாஸ்போர்ட்டோடு போய்விடும். மண்டபத்து மேனேஜர் கார்க்கி போனில் சொன்னதும் அந்தக் கணக்குதான்: "மங்சீர் பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. இந்த மூணு நாளும் முகூர்த்தம் கிடையாது, சௌகரியமா எடுத்துக்கங்க. அதுக்கு முந்தின நாள் கேட்டீங்கன்னா பிரதம மந்திரியே வந்தாலும் முடியாது." கிமிரே அண்ணா உடனே சரி என்றார். புது வருஷத்து நாட்காட்டி அச்சாகி வருவதற்கு முன்பே முடிந்துபோன பேச்சு அது. பதினொன்று என்ன கிழமையில் விழும் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

"பேசாம இங்கிலீஷ் தேதிய மட்டும் போட்டுட்டுப் போ" என்றார் அண்ணா.

"நம்ம ஊர்ப் பசங்களும்தான வர்றாங்க? அவங்களுக்கு நம்ம தேதி, வெளியூர்க்காரங்களுக்கு அவங்க தேதி. நான் மங்சீர் பதினொண்ணுன்னு ஒரே எடத்துல எழுதிடுவேன். மிச்சத்த சைட்டே கணக்குப் போட்டுக்கும். நாளைக்கு கார்க்கி தேதிய மாத்தினாலும் ஒரு எடத்துல மாத்தினா போதும்."

"கணக்கு சரியா வருமா?"

"என்ன அண்ணா, என்னை நம்ப மாட்டீங்களா?"

அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

விக்ரம நாட்காட்டி மாதங்களும் நம் பஞ்சாங்க மாதங்களைப் போலத்தான். வருஷத்துக்கு வருஷம் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். நிரலாளருக்குக் கைகொடுக்கிற சுலபமான சூத்திரம் ஒன்றும் கிடையாது. ஆகவே அந்த ஊர் நிரலாளர்கள் எல்லாரும் ஒரு அட்டவணையை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள்: இந்த வருஷம், இந்த மாதம், இத்தனை நாள். யாரோ எப்போதோ தட்டி வைத்தது. பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவதுபோல ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொள்வார்கள். இன்னும் பிறக்காத வருஷங்களுக்கு அதில் இருப்பது வெறும் உத்தேசம். வருஷம் பிறந்ததும் புது நாட்காட்டியோடு ஒருமுறை ஒத்துப்பார்த்துவிட வேண்டும். ரோஜினா ஒத்துப்பார்க்கவில்லை. அரபி எழுத்து திரும்பிக்கொள்ளும் அழகில் சொக்கிக் கிடந்தவளுக்கு, மங்சீருக்கு முந்திய, சொந்த ஊர்க் கார்த்திக் மாதத்துக்கு இந்த வருஷம் எத்தனை நாள் என்று பார்க்கத் தோன்றவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் அவள் பாட்டன் நகரில் இருக்கும் தன் வீட்டு அடுக்களையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். கையில் போன். போனில் அவளுடைய தளம். பெற்றவள் குழந்தையைப் பார்ப்பதுபோல நாளைக்குப் பத்துத் தடவை அதைத் திறந்து பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. நேபாளிப் பக்கத்தின் தலையில் அன்றைய தேதி இருக்கும். மங்சீர் 1 என்று அழகாக நின்றது.

"சாயங்காலம் வரும்போது பூ வாங்கிட்டு வா. நாளைக்கு மாசப்பிறப்பு, விடியக்காலம் கோயிலுக்குப் போகணும்" என்றாள் அம்மா.

"இன்னைக்குத்தாம்மா மாசப்பிறப்பு."

"யாரு சொன்னா?"

"இந்தா பாரு, போட்டிருக்கு."

"ஓகோ, உன் போன் சொல்லுதாக்கும்! இப்பத்தான் ரேடியோக்காரன் சொன்னான், கார்த்திக் முப்பதுன்னு. சுவத்துல காலண்டர் தொங்குது. கண்ணு இருக்கில்ல, பாரு."

ரோஜினா பார்த்தாள். கார்த்திக் முப்பது, திங்கள். அடுத்த தாளைத் தூக்கிப் பார்த்தாள். மங்சீர் பத்து வியாழன். பதினொன்று வெள்ளி. தாளை விட்டுவிட்டு மறுபடியும் தூக்கினாள். அதே வெள்ளி.

அவளுடைய தளம் பதினொன்றை வியாழன் என்று உலகத்துக்கெல்லாம் சொல்லியிருந்தது. அந்த வியாழனை நம்பி அத்தனை பேரும் விமானச் சீட்டு வாங்கியிருந்தார்கள். ஓட்டல் அறைகள், விசாக் கடிதங்கள், சுவரொட்டி எல்லாம் அவள் தளத்திலிருந்து எடுத்த வியாழன்தான். வியாழக்கிழமை காலையில் அவர்கள் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு மண்டபத்து வாசலில் வந்து நிற்பார்கள். அங்கே பிரதம மந்திரிக்கும் கிடைக்காத முகூர்த்த நாளில் யாருக்கோ கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்.

டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"ஒண்ணுமில்லம்மா. நாளைக்குத்தான் மாசப்பிறப்பு."

"அதத்தான நானும் சொன்னேன்." ஜெயித்த திருப்தியில் அம்மா அவலை வறுக்கப் போனாள்.

மைக்ரோபஸ்ஸில் குபண்டோல் வரும்வரை அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. அலுவலகத்தில் கிமிரே அண்ணா இல்லை. இரண்டு பேச்சாளர்களுக்கு விசாவில் ஏதோ சிக்கல் என்று குடிவரவு அலுவலகத்துக்குப் போயிருந்தார். போன் செய்தாள். "கியூல நிக்கறேன் தங்கச்சி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

முதலில் தளத்தைச் சரிசெய்யலாம் என்று உட்கார்ந்தாள். நேபாளிப் பக்கத்தில் இன்றைய தேதியே தப்பாக நிற்கிறது, எவனாவது பார்த்துச் சிரிப்பான். அட்டவணையில் கார்த்திக்குக்கு எதிரே இருந்த இருபத்தொன்பதை முப்பதாக்கினாள். உடனே எல்லா மொழியிலும் மாநாட்டின் முதல் நாள் வெள்ளிக்குத் தாவியது. ஐயோ என்று பதறி, பதினொன்றைப் பத்தாக்கினாள். வியாழன் பழையபடி வியாழனாக நின்றது. வெளிநாட்டுக்காரர் கண்ணுக்கு ஒன்றுமே மாறவில்லை. நேபாளிப் பக்கத்தில் மட்டும் மங்சீர் 10.

எதை மாற்றினாலும் ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும், அது அந்தத் தொழிலின் முறை. ரோஜினா "தேதி சீரமைப்பு" என்று எழுதினாள். பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. அண்ணா வந்ததும் விவரமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே அனுப்பினாள்.

மத்தியானத்துக்கு மேல் அவர் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. யாரிடமும் பேசாமல் அவளை மட்டும் கண்ணைக் காட்டி மாடிப்படிக்குக் கூப்பிட்டார்.

"ரோஜினா, பெரிய தப்பு பண்ணிட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"கார்க்கி போன் பண்ணினான். எத்தன மைக் வேணும், பதினொண்ணாம் தேதி காலைல எத்தன மணிக்குத் தொறக்கணும்னு கேக்கறான். பதினொண்ணான்னு சைட்டத் தொறந்து பாத்தா, நாம போட்டிருக்கறது பத்து. உங்கிட்ட பத்துன்னு சொல்லிட்டு அவன்கிட்ட பதினொண்ணுன்னு சொல்லியிருக்கேன். எந்த நெனப்புல இருந்தேன்னே தெரியல. பத்தாம் தேதி அங்க கல்யாணமாம்."

"அண்ணா..."

"நீ ஒண்ணும் சொல்லாத. நீ ஆறுதல் சொன்னா எனக்கு இன்னும் கேவலமா இருக்கும்."

திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள். அவர்தானே சொல்லவிடவில்லை என்று பிறகு எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. இரண்டு நொடி பொறுத்துச் சொல்லியிருக்கலாம். படியிறங்கி அவர் மேசைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதென்னவோ உண்மை. ஒட்டவைத்தது பயம்.

"கமிட்டிக்கு இப்ப தெரிய வேணாம். ஸ்பான்சர் ராஜ்பண்டாரிக்குத் தெரிஞ்சா தோல உரிச்சுடுவான். ஒரே ஒரு நாளுக்குத்தான எடம் வேணும்? ரெண்டு மூணு நாள்ல நான் புடிச்சுடறேன்" என்றார் அண்ணா.

மறுநாளிலிருந்து அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து ரோஜினாவும் அலைந்தாள். மேடை எப்படி, திரை எங்கே மாட்டலாம் என்று பார்க்க ஆள் வேண்டுமே. பானேஸ்வர், நக்சால், மகராஜ்கஞ்ச் என்று ஒரு மண்டபம் விடவில்லை. எங்கே போனாலும் வாசலில் வாழைமரம், உள்ளே அதே பதில். பெரிய ஓட்டல்காரர்கள் மரியாதையாக இல்லை என்றார்கள். சின்ன ஓட்டல்காரர்கள் சிரித்துக்கொண்டே இல்லை என்றார்கள். முகூர்த்த நாளில் மண்டபம் தேடி ஒருவர் வருவது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி நிற்கும்போது, இந்தச் சிவப்பு விளக்கு மாறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ரோஜினா நினைப்பாள். கண்ணெதிரே அவருடைய தூசி படிந்த ஜாக்கெட்டின் முதுகு. விளக்கு மாறிவிடும்.

நாள் ஆக ஆகச் சொல்வதும் கடினமாகிக்கொண்டே வந்தது. முதல் நாள் சொல்லியிருந்தால் கணக்குப் பிழையோடு போயிருக்கும். இப்போது சொன்னால், இத்தனை நாள் என் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டு சும்மா இருந்தாயா என்று கேட்பாரே.

கடைசியாகக் கல்யாண வீட்டுக்கே போனார்கள். சாபஹிலில் வீடு. பெண்ணின் அப்பா ஆச்சார்யா, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மொட்டைமாடியில் வெயில் காய்ந்துகொண்டே அழைப்பிதழ்களுக்குக் குங்குமம் தடவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், டீ வந்தது, தட்டில் ஆரஞ்சு வந்தது. கிமிரே அண்ணா, காலையில் மட்டும் மண்டபத்தைக் கொடுத்தால் மத்தியானம் ஒரு மணிக்குள் காலி செய்துவிடுகிறோம் என்று கையைக் கட்டிக்கொண்டு சொல்லி முடித்தார்.

"சார், பத்து மணிக்கே மாலைக்காரன் வந்துருவான். சமையல்காரன் விடியக்காலமே அடுப்பு மூட்டுவான். எம்பொண்ணு ஜாதகத்த ஒரு வருஷமா தூக்கிட்டு அலைஞ்சு குறிச்ச நாள் இது." ஆச்சார்யாவுக்குக் கோபமே வரவில்லை, அதுதான் கொடுமை. "உங்க ஆளுங்க ஒரு நாள் தள்ளி வந்தா கம்ப்யூட்டர் கோவிச்சுக்குமா? மாப்பிள்ளை கோவிச்சுக்குவார்."

"எல்லாரும் டிக்கெட் எடுத்துட்டாங்க சார்."

"நாள் பாக்காமலா உலகத்தயே அழைச்சீங்க? எங்க ஸ்கூல்ல ஆண்டு விழாவுக்கே நாலு பேரக் கூப்பிட்டுக் காலண்டரப் பாக்கச் சொல்லுவேன்."

"தப்பு என்னோடதுதான் சார்" என்றார் கிமிரே அண்ணா. நாற்பது வயதுக்கு மேலான மனிதர், பரீட்சையில் தோற்ற பையனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ரோஜினாவின் வாயில் ஆரஞ்சுச் சுளை ஒன்று இருந்தது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. இப்போது சொல், இப்போதாவது சொல்லடி பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சொல்லவில்லை. படியிறங்கும்போது ஆச்சார்யா பின்னாலிருந்து, "கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போங்க, ரெண்டு பேரும்" என்று கூப்பிட்டுச் சொன்னார்.

அன்று அலுவலகத்துக்குத் திரும்பினால் ஒரு மெயில் வந்து கிடந்தது. முதல் நாள் பேசவேண்டிய வாஞ்சிகு ந்டேக்வா என்பவர் நைரோபியிலிருந்து எழுதியிருந்தார். எத்தனையோ மாநாடுகளுக்குப் போயிருக்கிறேன், ஒரு கேள்வியும் கேட்காமல் கிளம்புவது இதுதான் முதல் தடவை, இந்தத் தளத்தை வடிவமைத்தவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் என்று இரண்டே வரி. கிமிரே அண்ணா அதை உரக்கப் படித்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா? உன் வேல உருப்படியா இருக்கு. நான்தான் சொதப்பிட்டேன்."

அவள் கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

மறைத்த விஷயம் எத்தனை நாள் மறைந்திருக்கும்? காத்மாண்டுவில் மண்டபம் தேடி ஒருவர் தெருத்தெருவாக அலைந்தால் ஊரே பேசாதா? பிரவேஷ் ராஜ்பண்டாரியின் காதுக்குப் போய்விட்டது. மாநாட்டுக்குப் பெரிய அளவில் உதவி செய்கிற நிறுவனத்தின் ஆள் அவர். முழுக்கைச் சட்டையில் கசங்கலே விழாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கமிட்டியைக் கூட்டச் சொல்லிவிட்டார்.

அலுவலகத்து மொட்டைமாடியில் வெயிலில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ராஜ்பண்டாரி, பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கும் யசோதா போக்ரேல் மேடம், கிமிரே அண்ணா. ஓரத்தில் மடிக்கணினியோடு ரோஜினா. நடுவில் ஒரு கூடை ஆரஞ்சு. கிமிரே அண்ணா எதையும் பூசி மெழுகவில்லை. தேதியை மாற்றிச் சொன்னது நான்தான், அதை உங்களிடம் மறைத்ததும் நான்தான் என்றார்.

"பிரமாதம்!" என்றார் ராஜ்பண்டாரி. "காலண்டர் பாக்கத் தெரியாதவர் தலைமையில உலக மாநாடு. எங்க கம்பெனி பேரு உங்க பேருக்குக் கீழதான் போட்டிருக்கு, தெரியுமில்ல? நாலு நாடு சிரிச்சா எங்களப் பாத்தும்தான் சிரிக்கும்."

"இப்ப என்ன பண்ணணுங்கறீங்க?" என்று கேட்டார் யசோதா மேடம்.

"இவர் விலகிக்கட்டும். சைட்லேர்ந்து பேர எடுத்துடுங்க. அமைப்பாளரோட தவறால முதல் நாள் ரத்துன்னு போட்டுடுங்க. பழி ஒருத்தரோட போகட்டும், மாநாடாவது தப்பிக்கும்."

கிமிரே அண்ணா உரித்த ஆரஞ்சைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மாடிக்குக் கீழே யாரோ ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான்.

"சரி. அவர் சொல்றது நியாயம்தான்" என்றார் அண்ணா. "ரோஜினா, எம்பேர எடுத்துடும்மா. அவர் சொல்றத அப்படியே எழுதிடு."

ரோஜினா பக்கத்தைத் திறந்தாள். தலைமை அமைப்பாளர் நிராஜன் கிமிரே என்று அத்தனை மொழிகளிலும் இருந்தது. ஒரே இடத்தில் அழித்தால் போதும், எல்லா மொழியிலிருந்தும் போய்விடும். அப்படித்தான் அவள் கட்டியிருந்தாள். விரலை விசைமேல் வைத்தாள். எடுத்துவிட்டாள்.

"நான் எழுத மாட்டேன்."

"என்னம்மா?" என்றார் ராஜ்பண்டாரி.

"அண்ணா பண்ணின புக்கிங் சரி. எங்கிட்டயும் பதினொண்ணுன்னுதான் சொன்னாரு. கார்த்திக் மாசத்துக்கு ஒரு நாளக் கொறச்சு கணக்குப் போட்டது நான்தான். அதனால இங்கிலீஷ் தேதி ஒரு நாள் முன்னால விழுந்துருச்சு." நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னாள். "போன திங்கக்கெழம காலைலயே எனக்குத் தெரியும். பதினொண்ண பத்துன்னு மாத்தினதும் நான்தான். அதப் பாத்துத்தான் அண்ணா தன்னோட தப்புன்னு நெனச்சுட்டாரு. நான் சொல்லல. பயந்துட்டேன்."

ராஜ்பண்டாரியின் கையிலிருந்த சுளை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. "இதுக்கு என்ன ஆதாரம்? இவரக் காப்பாத்தறதுக்கு நீ சொல்றியா?"

"சைட்டோட சரித்திரத்துலயே இருக்கு சார். யாரு எப்ப என்ன மாத்தினாங்கன்னு பேரோட நிக்கும். எடுத்துக் காட்டவா?"

அவர் கிமிரே பக்கம் திரும்பினார். "ஆபீஸ்ல எல்லாரோட வேலையையும் ரெண்டு தடவ நோண்டுவீங்களே ஐயா. இத ஒரு தடவ தொறந்து பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே. பாக்கலயா?"

"இது ரோஜினாவோடது சார்" என்றார் கிமிரே அண்ணா. "இதப் போய் எதுக்குப் பாக்கணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. கேட்ட கேள்விக்குச் சாதாரணமாகப் பதில் சொன்னார், அவ்வளவுதான். எல்லார் முன்னாலும் கத்துவார் என்று ரோஜினா எதிர்பார்த்து வந்திருந்தாள். கத்தலுக்கு மனதைத் தயாராக வைத்திருந்தாள். இதற்கு வைத்திருக்கவில்லை. மடிக்கணினித் திரை கலங்கித் தெரிந்தது.

யசோதா மேடம்தான் பேச்சை இழுத்துப் பிடித்தார். "அழுகைய அப்புறம் வெச்சுக்கோ. வியாழன் ஒரு நாள்தானே இல்ல? வெள்ளி, சனி மண்டபம் நம்மகிட்ட இருக்கில்ல?"

"இருக்கு மேடம்" என்றார் அண்ணா.

"எங்க காலேஜ் பெரிய ஹால் சும்மாதான் கெடக்கு. பரீட்சையத் தள்ளி வெச்சுட்டாங்க. காலைல கொஞ்சம் குளிரும், கோட்டு போட்டுட்டு உக்காரட்டும். ஏன்யா, ஊரெல்லாம் சுத்தினீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"யாருக்கும் தெரியாம முடிச்சிடலாம்னு பாத்தேன்."

"நல்லா முடிச்சீங்க." அவர் அப்போதே போனை எடுத்து முதல்வரிடம் பேசினார். இரண்டு ஆரஞ்சு உரிக்கிற நேரத்தில் இடம் கிடைத்துவிட்டது. அத்தனை நாள் தூசி குடித்துக்கொண்டு அலைந்ததெல்லாம் ஒரு போனுக்குள் அடங்கிவிட்டது. ஆளுக்கொன்றை மறைத்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"உலகத்த பெஞ்சுலயா உக்கார வெப்பீங்க?" ராஜ்பண்டாரிக்கு விட மனமில்லை.

"எங்க பசங்க நாலு வருஷம் உக்கார்றாங்க. இதுவரைக்கும் ஒருத்தனும் செத்துப்போகல" என்றார் மேடம். பெயரை எடுக்கிற பேச்சு அதோடு நின்றுபோயிற்று.

கூட்டம் கலைந்ததும் ரோஜினா நாற்காலிகளை அடுக்குகிற சாக்கில் பின்தங்கினாள். கிமிரே அண்ணா தோல்களையெல்லாம் பொறுக்கிக் கூடையில் போட்டார்.

"அண்ணா."

"நாளைக்குக் காலைல எடத்த மாத்தி சைட்ல போட்டுடு" என்றார். நின்று, ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவள் அறிவிப்பை எழுதினாள். முதல் நாள் மட்டும் கல்லூரி அரங்கில், வழி இப்படி, ஓட்டல்களிலிருந்து பேருந்து இத்தனை மணிக்கு, குளிருக்குக் கோட்டு கொண்டுவரவும். யாரும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கக் கூடாது என்று ஒவ்வொரு மொழியிலும் படித்துப் படித்துத் திருத்தினாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: நாட்காட்டிக் கணக்கில் நேர்ந்த பிழை ரோஜினா டங்கோலாகிய என்னுடையது, மன்னிக்கவும். சுவரில் தொங்கிய காலண்டரைப் போய் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்து அனுப்பினாள்.

இத்தனை மாதமும் அவள் விசையை அழுத்திய அடுத்த கணமே எல்லாம் உலகத்தின் கண்ணுக்குப் போய்விடும். இன்று போகவில்லை. திரையில் ஒரு மஞ்சள் கட்டம் வந்து நின்றது. இந்த மாற்றம் நிராஜன் கிமிரேயின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை நோக்கிக் குனிவது தெரிந்தது. மெதுவாகப் படித்தார். போனை எடுத்து யாரிடமோ பேசினார். வைத்துவிட்டு இன்னொருவரிடம் பேசினார். மறுபடியும் மேலேயிருந்து படித்தார். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

ஒப்புதல் வந்தது. கடைசி வரியை மட்டும் அவர் மாற்றியிருந்தார். அவள் பெயரை எடுத்துவிட்டு, பிழை எங்களுடையது என்று போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் ரோஜினாவுக்கு உயிர் வந்தது. எழுந்து அவரிடம் போகலாமா என்று நினைத்தவள், அதன் கீழே அவர் எழுதியிருந்த குறிப்பைப் பிறகுதான் படித்தாள். தேதியை யசோதா மேடத்திடமும் கார்க்கியிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன், சரியாக இருக்கிறது.

அவள் எழுந்திருக்கவில்லை. அன்று அடுத்தடுத்து அனுப்பவேண்டியவை நிறைய இருந்தன, ஒவ்வொன்றாக அனுப்பினாள். ஒவ்வொன்றையும் அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தார். ஒரு முற்றுப்புள்ளியைக்கூட விடவில்லை.